ஸ்டீபன் ஷ்னைடரின் 1989-ஆம் ஆண்டு வாசகம்: ஒரு மறுபரிசீலனை

காலநிலை விஞ்ஞானி ஸ்டீபன் ஷ்னைடர் விஞ்ஞானத்தின் எல்லையைக் கடந்து பிரசாரத்தில் இறங்கினார் என்பதற்குச் சான்றாக, 1989 அக்டோபரில் 'டிஸ்கவர்' சஞ்சிகையின் ஒரு கட்டுரையில் அவர் கூற்றாக அச்சேறிய ஒரு பத்தியையே ஆராய்ச்சியாளர் பலரும் எடுத்துக்காட்டி வந்திருக்கின்றனர். அப்பத்தியில் அவர் சொல்வது இது: விஞ்ஞானி என்ற முறையில் ஐயங்களையும் நிபந்தனைகளையும் ஒளிக்காமல் சொல்லவேண்டிய கடமை ஒருபுறமும், மனிதன் என்ற முறையில் உலக க்ஷேமத்துக்காகப் பொதுஜன கவனத்தைக் கவரும்படி எளிமையாகவும் அழுத்தமாகவும், ஐயங்களை அதிகம் பேசாமலும் சொல்லவேண்டிய நிர்ப்பந்தம் மறுபுறமும் தம்மை நெருக்குகின்றன. இந்தத் தர்மசங்கடத்தைத் தீர்க்க ஒரு சூத்திரமும் இல்லை. பயனுக்கும் நேர்மைக்கும் இடையே உரிய சமநிலையை அவரவரே நிர்ணயிக்கவேண்டும். இரண்டும் ஒருங்கே கைகூடும் என நம்புவதாக அவர் முடிக்கிறார்.

கண்டனக்காரர் அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டிவிட்டு மேற்கோள் காட்டினர். ஆதரவாளர் அதனை மீண்டும் ஒட்டிவைத்து, வழக்கு முடிந்தது என்று எழுந்துவிட்டனர். ஆனால் கடைசி வாக்கியம் ஒரு நம்பிக்கையைத்தான் சொல்கிறதேயன்றி வழியைச் சொல்லவில்லை. ஆகவே பத்தியின் பாரம் முழுவதும், சூத்திரம் இல்லை என்ற கூற்றின்மீதே நிற்கிறது என்பது என் அபிப்பிராயம்.

அக்கூற்றின் வேர் 1971-இல் இருக்கிறது. அவ்வாண்டு ரசூல் என்ற சக விஞ்ஞானியுடன் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் அவர் வெளியிட்ட கட்டுரை, கரியமிலவாயு இருமடங்கானால் வெப்பம் 0.8 பாகையே உயரும் என்றும், காற்றில் மிதக்கும் தூசு நான்கு மடங்கானால் 3.5 பாகை வரை குளிர்ச்சி நேரலாம் என்றும் கணித்தது. நிபந்தனைகளுடன் பிறந்த அந்தக் குளிர்ச்சி எண், நிபந்தனைகளை உதறிவிட்டுப் பனியுக பயமாக வெளியுலகில் உலவிற்று. 1975-இல் அவரே, பல கணிப்புகளையும் ஒப்பிட்டு, இருமடங்கான கரியமிலவாயுவினால் விளையும் வெப்பம் 1.5 முதல் 3 பாகை வரை இருக்கலாம் எனத் திருத்தி எழுதினார். இதனைக் காற்றடித்த பக்கம் சாயும் குணமென்று இகழ்வோர்க்கு விடை கூறுவது அவசியமன்று. பிழையைத் தம் துறையார் முன்னிலையில் தாமே திருத்துவது சாஸ்திரத்தின் பழைய ஒழுக்கம். ஐயத்தின் அளவை எண்ணோடு பிரியாமல் பிணைத்து அனுப்பும் ஒரு முறை அன்று இல்லை என்பதே நாம் கவனிக்கவேண்டியது.

சூத்திரம் இல்லை என்ற அதே மனிதர், 2000-இல் ரிச்சர்ட் மாஸுடன் சேர்ந்து, அரசுகளுக்கிடையேயான காலநிலை மாற்றக் குழுவின் மூன்றாம் அறிக்கை ஆசிரியர்களுக்காக ஓர் அளவுகோலை வகுத்தார். ஒரு முடிவில் வைக்கும் நம்பிக்கை ஐந்து படிகளாகப் பிரிக்கப்பட்டது. 'மிக உயர்ந்த நம்பிக்கை' என்று எழுதுபவர் நூற்றுக்கு 95-க்குக் குறையாத வாய்ப்பை மனத்திற்கொண்டே எழுதவேண்டும். மேலும், அந்தத் தீர்ப்பை எவ்வாறு அடைந்தார் என்பதையும் அவர் புலப்படுத்தவேண்டும். ஐயத்தை மறைத்துப் பயன்பெற எண்ணியவர் ஐயத்துக்குப் படிக்கல் செய்யமாட்டார்.

இத்தொடர்பை ஷ்னைடரே இந்த வடிவில் கூறினார் என்று நான் சாதிக்கவில்லை. பயனையும் நேர்மையையும் ஒரே தராசின் இரு தட்டுகளில் வைத்ததுபோல் அவர் பேசியது பொருந்தாச் சொற்சேர்க்கை என்பதையும் மறுக்கவில்லை. ஆயினும் 1971, 1989, 2000 ஆகிய மூன்றும் ஒரே பிரச்சினையின் மூன்று நிலைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. இனி அப்பத்தியை மேற்கோள் காட்டுவோர், கடைசி வாக்கியத்தோடு நில்லாமல், அந்த அளவுகோலையும் அருகில் வைத்தே காட்டவேண்டும்.