கண்டி: தொலைவழி உளநலச் சேவை

கண்டி நகரிலும் சுற்றியுள்ள மலைப் பகுதிகளிலும் தொலைபேசி, தபால் வழியாகக் கிடைக்கும் உளநல உதவி. இதன் முன்வடிவம் 1974இல் தொடங்கிய இலங்கைச் சுமித்ரயோ. லண்டனில் 1953இல் தோன்றிய சமாரிட்டன்ஸ் அமைப்பின் வழியில், மனமுடைந்தவர் சொல்வதைப் பொறுமையாகக் கேட்கும் தொண்டர்களின் அமைப்பு இது, கண்டியிலும் கிளையுண்டு. 1995இல் நாட்டின் தற்கொலை வீதம் இலட்சம் பேருக்கு ஏறத்தாழ 47 ஆக உச்சம் தொட்டது. அங்கொடை தேசிய உளநல நிறுவகத்தின் 1926 என்ற அழைப்பு இலக்கம் பிற்பட்டது.

கொவிட் காலம்: 2020 மார்ச் 20 மாலை 6 மணிக்கு நாடளாவிய ஊரடங்கு தொடங்கியது. கண்டி அபாய மாவட்டங்களுள் ஒன்றாக அறிவிக்கப்பட்டது. மாத இறுதியில் அம்மாவட்டத்து அக்குறணை முற்றாக முடக்கப்பட்டது. பஸ் ஓடாததால் மாதாந்தக் கிளினிக்குக்கு வரும் வழி அடைபட்டது. அரச வைத்தியசாலைகளின் கிளினிக் மருந்துகளைத் தபாற்காரர் வீடுகளுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தனர். முகவரி சரியாயிருந்தால் குளிசை வந்து சேரும். தோட்டத்து லயன்களுக்குத் தனி முகவரி இல்லாதது பழைய குறை. மாதமொருமுறை தசையில் ஏற்றும் ஊசியைத் தபாலில் அனுப்ப முடியாது. உளநோய் மருந்தான குளோசபீன் எடுப்பவருக்கு வேண்டிய இரத்தப் பரிசோதனையையும் தொலைபேசியில் செய்ய இயலாது. பேச்சுக்கும் தடையிருந்தது: ஒரே அறையில் குடும்பம் முழுதும் இருக்கும் லயனில், மாமியாரைப் பற்றி வைத்தியரிடம் சொல்ல நினைக்கும் மருமகள், சிக்னலுக்காக அன்றித் தனிமைக்காகவே தேயிலை மேட்டுக்கு ஏற வேண்டும். தமிழில் கேட்கும் ஆள் மறுமுனையில் கிடைப்பாரா என்பது இன்னொரு கவலை.

இக்காலத்தில் தற்கொலை முயற்சிகள் கூடினவா, குறைந்தனவா என்பது விவாதத்துக்குரியது. பேராதனை போதனா வைத்தியசாலையின் நச்சியல் பிரிவில் நஞ்சருந்தி அனுமதிக்கப்பட்டோர் தொகை ஏறத்தாழ 32% குறைந்ததாக 2021இல் ‘லான்செட் சைக்கியாட்ரி’யில் வெளியான ஆய்வு கூறுகிறது. முயற்சிகளே குறைந்தன என்று இதைக் கொள்வோர் உண்டு. இலேசான பாதிப்புற்றோர் தொற்றுக்கும் ஊரடங்குக்கும் அஞ்சி வீட்டிலேயே இருந்திருக்கலாம் என்பதும் தள்ளத்தக்கதன்று.

2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை மீண்டும் ஊரடங்கு நிலவியது.

2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டால் கிளினிக் பயணங்கள் மறுபடி சிரமமாயின. இம்முறை மருந்துக்கே தட்டுப்பாடு. இதனால் மார்ச் இறுதியில் பேராதனை வைத்தியசாலையில் திட்டமிட்ட சத்திரசிகிச்சைகள் இடைநிறுத்தப்பட்டன. 1926 இலக்கம் 24 மணி நேரமும் இயங்கிவருகிறது.