ரிட்டர்ன் டிக்கெட் யார் கையில்? நாகப்பட்டினம் முதல் பினாங்கு வரை

இந்த எபிசோடை அம்மாச்சி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான் ரெக்கார்ட் பண்றேன். திருத்துறைப்பூண்டி பக்கத்தில் ஒரு கிராமம். பின்னாடி கோழி கத்தினால் கொஞ்சம் பொறுத்துக்கோங்க.

அடுத்த வாரம் நானும் அம்மாவும் மலேசியா, சிங்கப்பூர் குரூப் டூர் கிளம்புகிறோம். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். டூர் மேனேஜர் வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் ஒரு லிஸ்ட் போடுகிறார். கைப்பை 7 கிலோவைத் தாண்டக் கூடாது. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லணும். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை, போய் இறங்குவதற்கு முந்தைய 3 நாளுக்குள் நிரப்பணும். அம்மா ஆசையாக அரைத்து வைத்த குருமாப் பொடி வீட்டிலேயே நின்றுவிட்டது. காரணம், அதில் கசகசா இருக்கு. சிங்கப்பூரில் கசகசா தடை செய்யப்பட்ட பொருள். புளிக்காய்ச்சலுக்கும் பருப்புப் பொடிக்கும் மட்டும் அனுமதி.

பயணம் சொல்லிக்கொள்ள இங்கே வந்தோம். அம்மாச்சிக்கு வயசு 88. நாங்கள் பெட்டியில் என்ன வைக்கிறோம்னு அவங்க கேட்கவே இல்ல. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க: "யாருடா உங்களக் கூட்டிட்டுப் போற கங்காணி?"

நான் சிரிச்சேன். அம்மாச்சி சிரிக்கல. இந்த எபிசோட் அந்தக் கேள்வியில் இருந்து வந்ததுதான்.

கடாரம் என்றால் சோழன் மட்டுமா?

டெல்டாவுக்கும் மலேசியாவுக்கும் என்ன தொடர்புன்னு கேட்டால், நம்மில் பாதிப் பேர் உடனே ராஜேந்திர சோழன்னு சொல்லுவோம். 1025, கடாரம், கடற்படை. இன்றைய கெடாதான் அந்தக் கடாரம். அது பெரிய வரலாறுதான், மறுக்கல. ஆனால் அதே கடலில், அதே திசையில், எந்தக் கல்வெட்டிலும் பேர் இல்லாமல் பல லட்சம் தமிழர்கள் போயிருக்கிறார்கள். அவர்களும் குழுவாகத்தான் போனார்கள். அந்தக் குழுவுக்கும் வழிகாட்டி ஒருத்தர் இருந்தார். அவர்தான் கங்காணி.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் வேகமாகப் பெருகின. ஆள் தேவை. ஒப்பந்தக் கூலி முறைக்குக் கெட்ட பேர் வந்து, மலாயாவில் அது 1910-இல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே வளர்ந்து வந்த கங்காணி முறை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்தில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஒரு ஆளுக்கு லைசென்ஸ் கொடுத்து, அவருடைய சொந்த ஊருக்கே தோட்டத்துரை அனுப்பி வைப்பார். புது வேட்டி, சட்டை, கையில் கொஞ்சம் காசோடு அவர் ஊருக்கு வருவார். தெரிந்த முகம், சொந்தக்காரர். விளம்பரம் எதற்கு? அவரே விளம்பரம்தான்.

கப்பல் காசு? 1907-இல் மலாயாவில் ஒரு குடியேற்ற நிதி தொடங்கினார்கள். தோட்ட முதலாளிகள் எல்லோரும் அதில் பணம் கட்டணும். தொழிலாளிகளின் பயணச் செலவு அந்த நிதியில் இருந்து போகும். ஆக, டிக்கெட் இலவசம். கேட்க நல்லா இருக்கு இல்லையா? ஆனால் அது ஒன்வே டிக்கெட்.

யார் கையெழுத்து?

அம்மாச்சியின் சித்தப்பா அப்படிப் போனவர்தான். 1937. "நான் தூளியில கெடந்தப்ப போனவரு"ன்னு அம்மாச்சி சொல்லுவாங்க. எங்களுடையது பண்ணையாள் குடும்பம். தஞ்சை வட்டாரத்தில் பண்ணையாள் என்றால் என்னன்னு சிட்டியில் வளர்ந்தவங்களுக்கு ஒரு வரி சொல்லணும்: கல்யாணத்துக்கோ சாவுக்கோ மிராசுதாரிடம் வாங்கிய கடனுக்காக, அவர் வயலிலேயே வேலை செய்து, அவர் கொடுத்த இடத்திலேயே குடியிருக்கிற குடும்பம். அந்த மக்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் வந்ததே 1952-இல்தான். அதனால் 1937-இல் ஊரை விட்டுப் போவது என்பது வேலை தேடிப் போவது மட்டும் இல்ல. பண்ணையை விட்டுத் தப்பிப்பது.

1922-இல் இந்தியக் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. அதற்குப் பிறகு கங்காணி ஆள் சேர்த்தால், கிராம முன்சீப்பின் கையெழுத்தும் வேணும். ஏமாற்றிக் கூட்டிப் போவதைத் தடுக்கத்தான் இந்த விதி. நல்ல நோக்கம்தான். ஆனால் டெல்டா கிராமத்தில் முன்சீப் யார்? பெரும்பாலும் நிலம் வைத்திருக்கிற பக்கத்து ஆள். பண்ணையாள் ஒருத்தர் தன் மிராசுதாரை விட்டுப் போக, மிராசுதாரருக்கு வேண்டியவரிடமே கையெழுத்து வாங்கணும். யோசிச்சுப் பாருங்க.

சித்தப்பாவுக்கு அந்தக் கையெழுத்து எப்படிக் கிடைத்ததுன்னு வீட்டில் யாரும் சொன்னதில்ல. அவர் விடியறதுக்கு முன்னாடி கிளம்பினார், ஒரு மூட்டைதான் எடுத்துப் போனார். இவ்வளவுதான் கதையில் மிச்சம். மூட்டையில் ரெண்டு வேட்டி, ஒரு சொம்பு, ஒரு பாய். எடை போட்டிருந்தால் நம்ம கைப்பை அளவுக்குக்கூட வந்திருக்காது.

பாப்பாகோவிலில் ஒரு வாரம்

நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் பாப்பாகோவில்னு ஒரு ஊர். மலாயா போகும் தொழிலாளர்களுக்கான முகாம் அங்கே இருந்தது. சென்னைப் பக்கம் ஆவடியில் இன்னொன்று. கப்பல் ஏறும் முன் சுமார் ஒரு வாரம் முகாமில் இருக்கணும். அம்மை ஊசி, மருத்துவப் பரிசோதனை, பேர்ப் பதிவு. நம்ம வருகை அட்டை, தடுப்பூசிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் மூத்த அண்ணன்னு வெச்சுக்கலாம்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையோரம் வந்து நிற்க முடியாது. கொஞ்சம் தள்ளிக் கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். படகில் போய்த்தான் ஏறணும். வயலையும் வாய்க்காலையும் மட்டுமே பார்த்தவங்க, அலையில் ஆடுற படகில் இருந்து கப்பலுக்குத் தாவி ஏறணும். இந்தத் தடத்தில் ஓடிய கப்பல்களில் பேர்போனது ரஜூலா. 1926-இல் கட்டினது. ஐயாயிரம் டெக் பயணிகள் வரை ஏற்ற அனுமதி பெற்ற கப்பல். டெக் பயணம் என்றால் கேபின் கிடையாது. மேல்தளத்தில் பாய் விரிச்ச இடம்தான் உங்க இடம். சித்தப்பா பாய் எடுத்துப் போனதன் காரணம் இப்போ புரியுதா?

ஐந்தாறு நாளில் பினாங்கு. அங்கேயும் நேராக ஊருக்குள் விட மாட்டார்கள். பக்கத்தில் ஜெரெஜாக் என்ற சின்னத் தீவு. அங்கே நோய்த்தடுப்பு முகாம். அதையும் தாண்டித்தான் தோட்டம்.

கங்காணி யாருக்கு வேலை பார்த்தார்?

இந்த எபிசோடின் மையம் இதுதான். நம்ம டூர் மேனேஜருக்கு நாம் காசு கொடுக்கிறோம். சரியாக நடத்தலன்னா ரிவ்யூவில் ஒரு ஸ்டார் போட்டு விடுவோம். கங்காணிக்குக் காசு கொடுத்தது தோட்டம். தான் கூட்டி வந்த ஆட்கள் தினமும் வேலைக்கு வந்தால் அவருக்குத் தலைக்காசு கிடைக்கும். எல்லாக் கங்காணியும் கெட்டவர்னு சொல்ல வரல. சிலர் உண்மையிலேயே ஊர்க்காரர்களைப் பார்த்துக்கொண்டார்கள். ஆனால் ஆள் ஓடிப் போகாமல் இருந்தால்தான் அவருக்கு லாபம். முறையே அப்படி அமைந்திருந்தது.

டெல்டாவில் இருந்து இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களுக்கு இன்னொரு சுமையும் இருந்தது: துண்டு. தோளில் போடுற துண்டு இல்ல. தொழிலாளியின் கடன் இவ்வளவுன்னு எழுதின சீட்டு. அந்தக் கடனைக் கட்டுகிற தோட்டம் ஆளை எடுத்துக்கலாம். 1921-இல் அதைச் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

சரி, திரும்பி வருவது? போய்ச் சேர்ந்த ஓராண்டுக்குள் உடம்பு முடியல, கொடுமை நடக்குதுன்னு நிரூபித்தால் திருப்பி அனுப்ப விதி இருந்தது. ஆனால் கூட்டம் கூட்டமாகத் திருப்பி அனுப்பியது எப்போ தெரியுமா? 1930-களின் தொடக்கத்தில், உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது. வேலை இல்லன்னு சொல்லி ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். அந்த இரண்டாவது சுற்றில் போனவர்தான் சித்தப்பா. போறதும் வர்றதும் அவங்க கையில் இல்ல, ரப்பர் விலையில் இருந்தது.

1938-இல் இந்திய அரசு மலாயாவுக்குக் கூலி ஆட்களை அனுப்புவதை நிறுத்தியது. 1941 டிசம்பரில் ஜப்பான் படை மலாயாவில் இறங்கியது. சித்தப்பாவின் கடிதம் அதோடு நின்றது. தோட்டத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்ட காலம் அது. அவர் அங்கே போனாரா, தோட்டத்திலேயே இருந்து இன்னொரு குடும்பம் அமைத்தாரா, வீட்டுக்கு எந்தத் தகவலும் வரல. மூன்று வருஷத்தில் வந்துடறேன்னு சொல்லிப் போனாராம்.

இடது பக்க ஜன்னல்

அம்மாச்சியிடம் சொன்னேன்: எங்க மேனேஜர் நல்லவர், ரிட்டர்ன் டிக்கெட் என் போன்லயே இருக்குன்னு. போனை வாங்கிப் பார்த்தாங்க. "தேதி போட்டிருக்கா?"ன்னு கேட்டாங்க. படிச்சுக் காட்டினேன். அப்புறம்தான் திருநீறு பூசிவிட்டாங்க.

எங்க டூர் பிளானில் ஜெரெஜாக் கிடையாது. ஆனால் கோலாலம்பூரில் இருந்து பினாங்குக்குப் பஸ்ஸில் போகிறோம். பாலத்தைக் கடக்கும்போது இடது பக்கம் அந்தத் தீவு தெரியும். மேனேஜருக்கு நேற்று ஒரு மெசேஜ் போட்டேன்: சார், அன்னிக்கு மட்டும் எங்களுக்கு இடது பக்கம் ரெண்டு சீட் வேணும். தம்ஸ்அப் வந்திருக்கு.

உங்க வீட்டிலும் மலாயா, சிலோன், பர்மான்னு போனவங்க இருந்தால், என்ன எடுத்துப் போனாங்கன்னு கேளுங்க. கூடவே, யார் கூட்டிப் போனாங்க, யார் கையெழுத்துப் போட்டாங்கன்னும் கேளுங்க. கிடைத்ததை எங்களுக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்புங்க. நான் போய்ட்டு வந்து கேட்கிறேன்.