வெட்டவெளியில் நிற்கும் உலோக உருவங்கள்

காவிரி நதி மலைகளினின்று இழிந்து தமிழ்நாட்டிற் புகுமிடத்து, பாறைகளின்மேல் வீழ்ந்து நீர்த்துளிகளைப் புகைபோலெழுப்பும் தலம் ஒகேனக்கல். கன்னட மொழியில் ‘ஹொகெ’ என்பது புகை. ‘கல்லு’ என்பது கல். புகைகின்ற கல் என்னும் இக்காரணப்பெயரை நேரிற் கண்டோர் யாவரும் பொருத்தமென்றே கூறுவர். அங்கு ஓடும் பரிசலையும் நாம் சற்று உற்று நோக்கவேண்டும். மூங்கிலால் முடைந்த வட்டச் சட்டத்தின்மேல் முற்காலத்தார் தோலைப் போர்த்தனர். இக்காலத்தார் பிளாஸ்டிக் விரிப்பைப் போர்த்துத் தார் பூசுகின்றனர். பொருள் மாறிற்று, வடிவமும் கைத்திறனும் மாறவில்லை. கிடைத்த பொருளைத் தான் கருதிய வடிவத்திற்கு இணங்கச் செய்பவனே தொழிலாளி. இவ்வுண்மையை நெஞ்சிற் கொண்டு, வெட்டவெளியில் உலோகத்தாலும் கழிந்த பொருள்களாலும் உருவஞ் சமைத்தோர் வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்குச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

தருமபுரிச் சீமைக்கும் இரும்புக்கும் உள்ள உறவு மிகப் பழையது. 2004ஆம் வருஷத்தில் தருமபுரியினின்று பிரிந்த கிருஷ்ணகிரி ஜில்லாவில், பர்கூரையடுத்த மயிலாடும்பாறையில் அகழ்ந்தெடுத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என 2022இல் அரசாங்கத்தார் வெளியிட்டனர். இச்சீமையெங்கும் பரந்து கிடக்கும் நடுகற்களையும் நாம் அறிவோம். ஆநிரை மீட்டும் ஊர்காத்தும் பட்ட வீரனுக்கு ஊரார் வெளியிலே கல் நாட்டினர். கல்லைச் செதுக்கியவன் தச்சனேயாயினும், அவன் கையிலிருந்த உளியை வடித்துக் கொடுத்தவன் கொல்லன் அன்றோ?

கொல்லன் தானும் உருவமின்றி நின்றானல்லன். முனியப்பன், ஐயனார் முதலிய ஊர்த்தெய்வங்களின் திருமுன் வேலும் சூலமும் அரிவாளும் மழையிலும் வெயிலிலும் நிற்கின்றன. அவற்றுட் சில ஆள் உயரத்தையும் கடந்தவை. லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையை உலையிலிட்டு அரிவாளடிப்பது இன்றும் நம் பட்டறைகளில் வழக்கம். வண்டியைத் தாங்கித் தேய்ந்த இரும்பு தெய்வத்தின் ஆயுதமாகின்றது. கழிந்த பொருளாற் கலை செய்வதைச் சிலர் மேல்நாட்டுப் புதுமையென்று பேசுகின்றனர். நம் ஊர் எல்லையில் நிற்கும் அரிவாளை அவர்கள் கண்டிலர் போலும்.

இனிக் காவிரியின் வழியே கீழே செல்வோம். சுவாமிமலையில் ஸ்தபதிகள் மெழுகால் உருவஞ் செய்து, அதன்மேல் அந்நதியின் வண்டல் மண்ணைப் பூசிக் கருக்கட்டுகின்றனர். கருவைச் சுடும்போது மெழுகு உருகி ஓட, அது விட்ட வெற்றிடத்தில் உருக்கிய உலோகத்தை வார்க்கின்றனர். சோழர் காலத்து உற்சவ மூர்த்திகள் இம்முறையில் வார்க்கப்பெற்றவையே. அவை கருவறையில் மறைந்திருக்கவன்றி வீதியில் எழுந்தருளிச் சகல ஜனங்களும் காணச் செய்யப்பட்டவை. உடைந்த பாத்திரமும் பழைய விளக்கும் மீண்டும் உலைக்கு வருதல் பித்தளைத் தொழிலின் இயல்பு. உலோகத்திற்கு முதுமை உண்டு, மரணம் இல்லை எனலாம்.

இத்தொழிலுக்கு நேர்ந்த பெருங்கேடு பத்தொன்பதாம் நூற்றாண்டில் வந்தது. ஹீத் என்னும் ஆங்கிலேயர் சேலத்துக் கனியிரும்பைக் கொண்டு பரங்கிப்பேட்டையிற் பெரிய ஆலை நடத்தினார், அது நிலைக்கவில்லை. ஆயினும் கப்பலில் வந்திறங்கிய மலிவான சீமை இரும்பு நம் ஊர் உலைகளை அவித்துவிட்டது. இரும்பை உருக்கிய குடும்பங்கள் பிறர் உருக்கிய இரும்பை வாங்கி அடிக்கும் நிலையை அடைந்தன.

பின்னர் வந்த மறுமலர்ச்சி சென்னைச் சித்திரக் கலாசாலையிற் பிறந்தது. 1929இல் அதன் தலைமையேற்ற தேவி பிரசாத் ராய் சௌதுரி 1957வரை அப்பதவி வகித்தார். நான்கு தொழிலாளர் பெரும்பாறையொன்றைப் பெயர்க்க முயலும் அவருடைய வெண்கலச் சிலை 1959 ஜனவரியில் மெரீனாக் கடற்கரையில் நிறுவப்பெற்றது. அரசரும் அதிகாரிகளும் பீடத்தேறி நின்ற நகரத்தில், கூலியாளின் முதுகெலும்பும் தசையும் வெண்கலத்தில் நின்றது சிறு மாறுதலன்று. 1966இல் கே.ஸி.எஸ். பணிக்கர் முதலானோர் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் என்னும் கலைஞர் கிராமத்தை அமைத்தனர். பி.வி. ஜானகிராம் செப்புத் தகட்டைத் தட்டிக் கம்பிகளைப் பற்றவைத்து உருவஞ் செய்தார். பணிக்கரின் குமாரர் நந்தகோபாலும் செம்பையும் பித்தளையையும் பற்றவைத்துப் புகழ்பெற்றார். தகடு தட்டுவதும் பற்றவைப்பதும் நம் வீடுகளில் நித்தியம் நடப்பவையே; அவற்றைத் தனிக்கலையாக உலகம் மதிக்கச் செய்தவர் இவர்கள்.

வடக்கே சண்டிகரில் நிகழ்ந்தது இதனினும் வியப்பு. தேசப் பிரிவினையால் ஊரிழந்து வந்து சாலை மேற்பார்வை உத்தியோகத்திலிருந்த நேக் சந்த், 1957ஆம் வருஷ வாக்கில், உடைந்த வளையலும் பீங்கானும் பழைய சைக்கிள் சட்டமும் தார்ப்பீப்பாயும் பொறுக்கி, காட்டுநிலத்தில் எவரும் அறியாமல் உருவங்களை நிறுத்தத் தொடங்கினார். சுமார் 18 வருஷம் சென்றபின் அது அதிகாரிகளுக்குத் தெரிந்தது. சட்டப்படி இடிக்கவேண்டியதை, ஜனங்களின் அபிமானங்கண்டு 1976இல் பூங்காவாகத் திறந்தனர். பின்னொருகால் அதன் ஒரு பகுதியை இடிக்க முற்பட்டபோதும் ஜனங்களே குறுக்கே நின்று காத்தனர். 1984இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2015இல் காலமானார். ஐரோப்பாவிலும் பிக்காசோ என்பார் 1942இல் சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் சேர்த்துக் காளைத்தலை செய்தார். டில்லியில் 2019இல் திறந்த பூங்காவில், உலக அதிசயங்கள் ஏழின் வடிவங்கள் பழைய இரும்பால் ஆக்கப்பட்டு நிற்கின்றன.

இங்கே நம்மவர்க்கு மனக்கசப்பான ஒரு வார்த்தை கூறவேண்டியுளது. உலோகவேலை நம் குலத்தின் பிறப்புரிமை என்று மேடைதோறும் பேசுகின்றோம். ஆயின் மேலே பெயர் சொல்லப்பட்டவருட் பலர் உலைக்களத்திற் பிறந்தவரல்லர். நேக் சந்துக்குக் குலத்தொழில் கற்பித்தார் எவருமில்லை. நமக்கு அத்தொழில் தொட்டிலிலேயே கிடைத்தும், நம் சிறுவர் சுத்தியலைத் தொட வெட்குகின்றனர். அவர்களைக் குறைகூறுதலும் நியாயமன்று. உலையருகே வெந்தும் அரைவயிறு உண்ட தந்தையைக் கண்டவர்கள் அவர்கள். கூலியும் கௌரவமும் இல்லாத தொழிலைப் பெருமை ஒன்றைச் சொல்லி எவ்வாறு நிறுத்துவது? பிறப்பினால் வருவது வாய்ப்பு மாத்திரமே. உரிமை செய்தவனுக்கே உரியது.

ஆகவே நாம் செய்யத்தக்கன மூன்று. முதலாவது, பட்டறைப் பிள்ளைகளுக்குச் சித்திரம் வரைதலும் மின்சாரப் பற்றவைப்பும் முறையாகக் கற்பிக்கச் சங்கம் உதவுக, பெண்மக்களை விலக்கற்க. இரண்டாவது, ஊர்தோறும் வெளியில் நிற்கும் சூலத்தையும் அரிவாளையும் அடித்தவர் பெயரை, முதியோர் உள்ளபோதே கேட்டு எழுதி வைக்க. மூன்றாவது, உலோகத்தின் குணமறிந்து வேலை செய்க. வெண்கலத்தின் மீது படியும் பச்சைக்களிம்பு பெரும்பாலும் உள்ளிருப்பதைக் காக்கும். இரும்பின் துருவோ பெயர்ந்து பெயர்ந்து உள்ளும் தின்னும். எனவே பழைய இரும்பைத் துருநீக்கி, நாகப்பூச்சோ செங்காவி வர்ணமோ பூசாமல் வெளியில் நிறுத்தலாகாது. செம்பையும் இரும்பையும் ஈரம்படுமிடத்தில் ஒட்டவைத்தால் இரும்பு விரைவில் அரிக்கும்.

ஒகேனக்கல்லின் சாரல் ஓயாத ஈரம். துருவுக்கு அதனினும் உகந்த இடம் அரிது. அங்கே கழிந்த இரும்பால் ஒரு பரிசற்காரனின் உருவத்தைச் சமைத்துப் பல வருஷம் கெடாமல் நிறுத்தவல்லவன் நம்மில் எவனோ, அவனே சாஸ்திரமும் கைப்பழக்கமும் ஒருங்கே அறிந்தவன். அவ்வுருவத்தின் அடியில் அவன் பெயர் பொறிக்கப்படுக. நடுகல்லில் வீரன் பெயரை எழுதினோம்; செதுக்கினவன் பெயரை மறந்தோம். அப்பிழை இனியேனும் நம்மை விட்டு நீங்குவதாக.