கோலா உருண்டைக் குழம்பு யாருடையது?

2018-இல் ஸ்வீடன் அரசின் ட்விட்டர் கணக்கு ஒரு குண்டைப் போட்டது. தங்கள் நாட்டுப் புகழ்பெற்ற கறி உருண்டை, 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் 12-ஆம் சார்லஸ் துருக்கியிலிருந்து கொண்டுவந்த செய்முறை என்றது. ஸ்வீடன்காரர்கள் பலர் நொந்துபோனார்கள்! மன்னர் 1709-இல் பொல்டாவா போரில் ரஷ்யாவிடம் தோற்று, துருக்கியரின் ஒட்டோமான் பேரரசில் ஐந்து ஆண்டுகள் தங்கியது உண்மை. உருண்டையையும் கட்டி எடுத்து வந்தார் என்பதற்குத்தான் உறுதியான சான்று இல்லை.

நம் நாட்டிலும் இதே வழக்குதான். 'கோஃப்தா' பாரசீகச் சொல். இடித்தது என்று பொருள். அதனால் கறி உருண்டை என்றாலே முகலாயர் தந்தது என்று முடித்துவிடுகிறார்கள். பெயர் வெளியூர் என்றால் பண்டமும் முழுக்க வெளியூரா? செட்டிநாட்டுக் கோலா உருண்டையைக் கைபார்த்தால் தெரியும். கொத்துக்கறியோடு சோம்பு, கசகசா, தேங்காய், சின்ன வெங்காயம், கறிவேப்பிலை, கொத்தமல்லி. உதிராமல் பிடித்து வைப்பது பொட்டுக்கடலை மாவு. ஸ்வீடனில் அந்த வேலையை ரொட்டித்தூள் செய்கிறது. எண்ணெயில் உடையாதிருக்க வாழைநாரால் கட்டிப் பொரிப்பதும் இங்கே உண்டு. இதை எந்த பாதுஷா சொல்லிக்கொடுத்தார்?

உண்மையில் வெளியூர்ச் சரக்கு குழம்பில்தான் இருக்கிறது. பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவில் இருக்கும் மேல்பட்டாம்பாக்கத்தில் குழம்பு வழவழப்பாக வர வேண்டுமென்றால் முந்திரிக்குத் தேடி அலைய வேண்டியதில்லை. ஆனால் முந்திரி பிரேசில் நாட்டு மரம். 16-ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கப்பலில் வந்தது. மிளகாயும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கே. அதற்கு முன் காரத்துக்கு மிளகுதான். ஆக, இன்று 'பாரம்பரியம்' என்று ஓட்டல் பலகையில் எழுதும் சிவந்த முந்திரிக் குழம்பை 1400-இல் இந்தியாவில் எவரும் சமைத்திருக்க முடியாது.