அலாரத்தின் மாற்று இணைப்பு இன்னும் வேலை செய்யுதா?

வீட்டிலோ கடையிலோ திருட்டு அலாரம் வைத்திருக்கிறீர்களா? பெரும்பாலும் அது இணையம் வழியாகத்தான் கண்காணிப்பு நிலையத்துக்குத் தகவல் அனுப்பும். கரண்ட் போனால் ரவுட்டரும் போச்சு. அப்போது கைகொடுக்க வேண்டியது, அலாரப் பெட்டிக்குள் இருக்கும் சிம் அட்டை.

ஆனால் அந்தப் பெட்டி எவ்வளவு பழசு? சிங்கப்பூரில் 2ஜி சேவை 2017 ஏப்ரலில் நின்றது. 3ஜி 2024 நவம்பரிலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டது. மலேசியாவில் 3ஜி 2021 இறுதியோடு முடிந்தது. பழைய 3ஜி கருவி என்றால், மாற்று வழி எப்போதோ செத்திருக்கலாம். வைஃபை ஓடும்வரை அது உங்களுக்குத் தெரியவே தெரியாது! ப்ரீபெய்ட் சிம் காலாவதியானாலும் இதே கதைதான்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். முதலில் கண்காணிப்பு நிலையத்திடம் சொல்லிடுங்க, இல்லாவிட்டால் ஆளை அனுப்பிவிடுவார்கள். பிறகு ரவுட்டரை அணைத்து, அலாரத்தை ஒலிக்க விடுங்கள். சைரன் சத்தம் கேட்டால் மட்டும் போதாது. தகவல் வந்ததா என்று நிலையத்தையே கேளுங்கள். பெட்டியின் மின்செருகியையும் கழற்றி, பேட்டரி தாங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்று: வீட்டு இணையமும் சிம்மும் ஒரே நிறுவனத்துடையதா? அங்கே கோளாறு வந்தால், இரண்டும் சேர்ந்தே படுத்துவிடலாம். சிம்மை வேறு நிறுவனத்துக்கு மாற்ற முடியுமா என்று அலாரம் பொருத்தியவரிடம் கேட்டுப் பாருங்கள்.