யாத்திரையும் சபரும்

கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் வழங்கும் சுவாஹிலி மொழியில் பிரயாணத்துக்கு ‘சஃபாரி’ என்று பெயர். இன்று அச்சொல்லைக் கேட்ட மாத்திரத்தில் நம் மனக்கண் முன் விரிவன செரங்கெட்டிப் புல்வெளியும், மழையைத் தேடி அதில் லட்சோப லட்சமாய் இடம்பெயரும் விலங்குக் கூட்டங்களும், அவற்றைத் திறந்த வண்டிகளில் இருந்தபடி கண்டு வியக்கும் சீமைப் பிரயாணிகளுந்தான். ஆயினும் அச்சொல்லின் பூர்விகம் அரபு மொழி. ‘சஃபர்’ என்ற அந்த மூலச் சொல்லை, பருவக் காற்றின் போக்கறிந்து கலம் செலுத்திய வணிகர் ஆப்பிரிக்கக் கரையில் கொண்டு இறக்கியதுபோலவே நம் கிழக்குக் கரையிலும் இறக்கிச் சென்றிருக்கிறார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள தமிழ் முஸ்லிம் குடும்பங்களில், கடல் கடந்து பொருள் தேடப் போவதற்குச் ‘சபர் போதல்’ என்றும், அவ்வாறு போயிருப்பவருக்குச் ‘சபராளி’ என்றும் இன்றளவும் பெயர் வழங்குகிறது. ஒரே சமுத்திரத்தின் இரு கரைகளிலும் வேரூன்றிய ஒரு சொல், அங்கே விலங்கு காணும் உல்லாசத்துக்குப் பெயராயிற்று. இங்கே பிழைப்புக்கும் பிரிவுக்கும் பெயராய் நின்றது.

இராமநாதபுரத்துக்கு வடகிழக்கே ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில், பாக் விரிகுடாவின் கரையில் அமைந்த தேவிபட்டினத்தை நினைக்கும்போதெல்லாம் இந்தச் சொல்லும் உடன் நினைவுக்கு வருகிறது. ஏனெனில், காசியிலிருந்தும் தஞ்சையிலிருந்தும் முன்னோர் கடன் தீர்க்க நடந்து வந்த சேது யாத்திரிகன் உள்நாட்டுப் பாதை முடியும் இடமாக இக்கரையைக் கண்டான். இதே கரையோரத்துத் துறைகளில் பாய்மரம் ஏறிய சபராளிக்கோ பாதை இங்கேதான் தொடங்கிற்று.

ஊரின் பெயருக்கு ஸ்தல ஐதீகம் சொல்லும் காரணம், தேவி மகிஷாசுரனை வதைத்த இடம் இது என்பதாகும். அவளுக்கு அஞ்சிய அசுரன் சக்கர தீர்த்தத்தின் அடியில் ஒளிந்துகொண்டான் என்றும், பொய்கை வற்றிப் போக, ஒளிய இடமின்றி மாண்டான் என்றும் சேது மாகாத்மியத்தை ஒட்டிய கதை கூறுகிறது. அக்கதையின் நினைவாக உலகநாயகி அம்மன் இவ்வூரில் எழுந்தருளியிருக்கிறாள். திலகேசுவரர் கோயிலும் இங்கே உண்டு. என்றாலும் யாத்திரிகர் மனத்தில் முதலிடம் பெற்றது கோபுரம் எதுவுமற்ற, கூரை எதுவுமற்ற ஒரு சந்நிதி. அதுவே கடலுக்குள் நிற்கும் நவபாஷாணம்.

பாஷாணம் என்றதும் நஞ்சு என்று பொருள் கொண்டு, பழனி முருகன் சிலையையும் அதை ஒன்பது நஞ்சுகளால் வடித்ததாகச் சொல்லப்படும் சித்தர் போகரையும் எண்ணுபவர் அநேகர். இங்கே அச்சொல்லுக்குக் கல் என்பதே பொருள். இலங்கை மீது படையெடுக்கப் புறப்பட்ட இராமபிரான், முதலில் உப்பூரிலே, வெயிலைக் கூரையாய் உகந்து வீற்றிருக்கும் விநாயகரைத் தொழுது, பின்னர் இவ்விடம் வந்து, சனி தோஷம் நீங்கும் பொருட்டுத் தம் திருக்கரத்தால் ஒன்பது கற்களைக் கடலில் நட்டு நவக்கிரகங்களைப் பூஜித்தார் என்பது ஐதீகம். அலை மோதி அக்கற்கள் சாயாதபடி கடலை அடக்கிக் கொடுத்தவராகக் கடலடைத்த பெருமாள் கரையில் நிற்கிறார். கற்கள் ஒழுங்கான வரிசையில் இல்லை. உயரமும் ஒன்றுபோல் இல்லை. நீர் ஏறினால் சில மறையும், நீர் வற்றினால் அடிப்பாசி தெரிய நிமிர்ந்து நிற்கும். சந்நிதிக்குத் திரையிடுவதும் திரை விலக்குவதும் சமுத்திரமே செய்கிற இத்தகைய கோயில் வேறெங்கும் நான் கண்டதில்லை.

இக்காலத்தில் நடைமேடை இருக்கிறது. முன்னாளில் யாத்திரிகர் நீரில் இறங்கித்தான் கற்களை அடைந்தார்கள். இடுப்பளவு உப்புநீரில் நின்று, நவதானியத்தைச் சமர்ப்பித்து, ஒன்பது முறை பிரதட்சிணம் செய்து, ஆடி அமாவாசையிலும் தை அமாவாசையிலும் பிதிர்களுக்கு எள்ளும் நீரும் இறைக்கும் அந்தச் சடங்கில், காலடியில் நெளியும் புல்லையும், அதனிடையே ஓடும் சிறு மீனையும், வாடைக் காலத்தில் கடல் காட்டும் கோபத்தையும் உடம்பாலேயே அறியாமல் ஒருவன் கரையேற இயலாது. இயற்கைக் காட்சி என்றும் தெய்வ தரிசனம் என்றும் தனித்தனியே இரண்டு இருப்பதாக அவன் எண்ணவில்லை.

இங்ஙனம் வந்து போகும் ஜனங்களைக் காப்பதற்கென்றே ஒரு ராஜ்யம் இந்தச் சீமையில் எழுந்தது என்பது சரித்திரத்தில் அபூர்வமான செய்தி. இராமேசுவரம் செல்லும் வழியில் கள்வர் தொல்லை மிகுந்திருந்த காலத்தில், மதுரை முத்துக்கிருஷ்ணப்ப நாயக்கர் 1605-ஆம் ஆண்டில் சடைக்கன் சேதுபதியை இச்சீமைக்கு அதிபதியாக்கியபோது, யாத்திரிகரின் பாதுகாப்பு அப்பதவியின் முதற் கடமையாயிற்று. சேதுவின் அதிபதி என்ற பட்டமே அந்தக் கடமையைச் சொல்லுகிறது. பின்வந்தோர் சத்திரங்கள் கட்டினர், கிராமங்களை மானியமாக விட்டனர், இராமேசுவரத்து நீண்ட பிராகாரங்களை எழுப்பினர். வடக்கே தஞ்சை மராட்டிய மன்னரும் இதே பாதையில் சத்திரங்கள் அமைத்து அன்னமிட்டனர். தொண்டி, தேவிபட்டினம், பாம்பன், கீழக்கரை ஆகிய துறைகளெல்லாம் சேதுபதிகளின் ஆட்சியில் அடங்கியிருந்தன. தறி நெசவையும் கடல் வாணிபத்தையும் தம் பொறுப்பிலேயே நடத்தி, ஆங்கிலக் கும்பினியாருக்கு வளைந்து கொடுக்க மறுத்த முத்துராமலிங்க சேதுபதி 1795-இல் பதவி பறிக்கப்பட்டு, 1809-இல் சிறையிலேயே உயிர் நீத்த பின்னர், அந்தத் துறைகளின் பழைய பிரதாபம் திரும்பி வரவேயில்லை.

சபரின் கதை இன்னும் பழையது. வைகையின் முகத்துவாரத்தில் உள்ள அழகன்குளத்தின் மண்ணுக்குள்ளிருந்து ரோமானிய மதுச்சாடித் துண்டுகளும், கப்பல் உருவம் கீறிய பானையோடும் கிடைத்திருக்கின்றன. இதே இராமநாதபுரச் சீமைக் கரையிலுள்ள பெரியபட்டினத்தில் 1987-இல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராஷிமாவும் சேர்ந்து அகழ்ந்தபோது சீனத்துப் பீங்கான் துண்டுகள் குவியலாய் வெளிப்பட்டன. மொராக்கோ தேசத்து யாத்திரிகர் இபின் பதூதா 1331-ஆம் ஆண்டையொட்டி மொகதிஷு, மொம்பாசா, கில்வா என்ற கிழக்கு ஆப்பிரிக்கத் துறைகளைப் பார்த்துவிட்டு, அதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் கழித்து, இலங்கையிலிருந்து வரும் வழியில் கலம் சிதைந்து நம் கரையில் ஏறினார். ‘பட்டன்’ என்று அவர் குறிக்கும் துறைமுக நகரில், கடலுக்குள் பருத்த மரத் தூண்கள் நட்டு, அவற்றின் மேல் ஒரு மண்டபம் எழுப்பி, கரையிலிருந்து அதற்கு மூடிய மரப்பாதை அமைத்திருந்தார்களாம். அந்நகரம் பெரியபட்டினமே என்று கருதும் ஆராய்ச்சியாளர் உளர். எதுவாயினும், கடல் நடுவே கல்லை நட்டு வணங்கியவரும், கடல் நடுவே மரத்தை நட்டு மண்டபம் சமைத்தவரும் ஒரே கரையின் மக்கள் என்பதை நினைக்க எனக்குப் பெருமிதம் உண்டாகிறது. கில்வாவையும் இக்கரையையும் ஒருவரே, ஒரே சமுத்திரத்தின் காற்றை நம்பிச் சென்று பார்த்தார் என்பதும் சிந்திக்கத் தக்கது.

1914-இல் பாம்பன் ரயில் பாலம் திறக்கப்பட்டது. அது நாட்டுக்குப் பெரிய நன்மை. எனினும் தேவிபட்டினத்துக்கு அது பக்கவாட்டில் விழுந்த அடி. ஸ்தலம் ஸ்தலமாய் உப்பூர், தேவிபட்டினம், திருப்புல்லாணி, சேதுக்கரை என்று கடலோரமாகவே நடந்து வந்த யாத்திரிகன், இரவில் ரயிலேறிக் காலையில் இராமேசுவரத்தில் இறங்கலானான். நடையாய் வந்தவன் நாட்கணக்கில் தங்கிய ஊரில், இன்று வாகனத்தில் வருபவன் அரை மணி நேரம் தங்கினால் அதிகம்.

அந்த அரை மணியில் அவன் காணாது போவன எத்தனை! மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்றும், ஆழமற்ற பாக் விரிகுடாவைப் பெண் கடல் என்றும் இங்குள்ள மீனவர் சொல்வர். அந்தப் பெண் கடலின் அடியில் புல்வெளிகள் உண்டு. அவற்றில் மேய்வது, நம் மீனவர் ஆவுளியா என்று அழைக்கும் கடற்பசு. நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் புல் மேய்ந்து, ஓராண்டுக்கு மேல் கருச்சுமந்து ஒரே கன்றை ஈன்று, நெடுநாள் பாலூட்டி வளர்க்கும் இச்சாது பிராணி ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலும் மேய்வதே. இறைச்சிக்காக வேட்டையாடப்பட்டு அருகிப்போன இதனைக் காக்க, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களை ஒட்டிய கடலில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பை 2022-இல் அரசு காப்பகமாக அறிவித்தது. கரைக்கு உள்ளே வந்தால், சக்கரக்கோட்டைக் கண்மாயிலும் தேர்த்தங்கலிலும் கூழைக்கடாவும் நாரையும் கருவேலங் கிளைகளில் கூடு கட்டுகின்றன. இவ்விரு நீர்நிலைகளும் 2025-இல் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் ஏறின. தனுஷ்கோடியில் பூநாரைகள் வந்து இறங்குகின்றன. செரங்கெட்டியின் படங்களில் காணும் தட்டையான தலையுடைய குடைமரமோ இராமநாதபுரத்தாருக்குச் சற்றும் புதிதன்று; அதன் இனத்தைச் சேர்ந்த உடைமரம் அவர்கள் ஊர்ப்புறத்தில் குடை விரித்து நிற்கிறது.

செரங்கெட்டியை விலங்குகளுக்கென்று ஒதுக்கியபோது, தலைமுறை தலைமுறையாய் அங்கே மாடு மேய்த்த மாசாய் மக்களை 1959-இல் அப்புல்வெளியிலிருந்து வெளியேற்றினார்கள். வனவிலங்கு பிழைத்தது உண்மை. அதற்கு ஒரு ஜன சமூகம் தன் நிலத்தை விலையாகக் கொடுத்ததும் உண்மை. நம் கரைக்கு அந்த வழி வேண்டாம். தேவிபட்டினத்துக்கு வடக்கே காரங்காடு என்னும் மீனவர் ஊரில், அலையாத்திக் காட்டினூடே வனத்துறையும் ஊராரும் கூடிப் படகு ஓட்டி விருந்தினரை அழைத்துச் செல்கிறார்கள். காட்டை அறிந்தவனே காவலனாகவும் வழிகாட்டியாகவும் இருக்கும் அந்த ஏற்பாடே உத்தமம் என்பது என் துணிபு.

சேது யாத்திரை செய்ய விரும்பும் அன்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். தேவிபட்டினத்தில் ஒரு நாளேனும் தங்குங்கள். விடியற்காலையில், பாங்கொலியும் கோயில் மணியும் ஒருசேரக் கேட்கும் வேளையில், கற்களின் மேல் நீர் ஏறுவதைப் பாருங்கள். சங்கல்பம் முடித்து நீராடியபின், தோஷம் கழிந்ததாக எண்ணி உடுத்த துணியைக் கடலில் விட்டுவிடும் வழக்கத்தை மட்டும் தயைகூர்ந்து கைவிடுங்கள். அத்துணி போய்ப் படிவது ஆவுளியா மேயும் புல்லின் மேல்.