எழுதப்படாத குசினி: கிள்ளான் பள்ளத்தாக்குத் தோட்டப் பெண்களின் சமையலறிவும் அதைப் பதியும் முறையும்

2024 டிசம்பரில் மலேசியாவின் காலையுணவுப் பண்பாடு யுனெஸ்கோவின் மரபுப் பட்டியலில் ஏறியது. நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் மூன்றும் அந்த ஏற்புக்கு முகமாக நின்றன. பெருமைப்படத்தக்க செய்திதான். இவற்றுள் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் கடைத்தெருவில் வளர்ந்தவை. மாவை வீசியும் தேநீரை ஆற்றியும் பெயர் வாங்கியவர்கள் பெரும்பாலும் ஆண்கள். காப்பார், மேரு, புக்கிட் ராஜா ரப்பர் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் உண்டு வளர்ந்த சோறு கடையில் வெந்ததன்று. ரப்பர் பால் வெட்டப் போகும் பெண்கள் லயத்தின் (தொழிலாளர் வரிசை வீடுகளின்) பின்கட்டில் விறகடுப்பு மூட்டி விடியுமுன் ஆக்கியது அது. அந்தச் சமையல் பெரும்பாலும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை.

இன்று அதைக் காக்க வேண்டும் என்ற அக்கறை பல குடும்பங்களில் தெரிகிறது. பாட்டியின் செய்முறைகளைக் கரண்டிக் கணக்கில் எழுதித் தொகுத்தால் போதும் என்பது பொதுவான எண்ணம். போதாது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கறியை அது பிறந்த வேலையிலிருந்தும் தட்டுப்பாட்டிலிருந்தும் அண்டை வீட்டிலிருந்தும் பிரித்து எழுதினால், அதை ஆக்கியவளின் அறிவில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடும்.

நெத்திலிச் சம்பாலை எடுத்துக்கொள்வோம். பால் மரத்தின் பட்டைக்குள் அழுத்தம் மிகுந்திருப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏறப் பால் வடிவது குறையும். ஆகவே இருட்டிலேயே பெரட்டுக்கு (காலை ஆள்கணக்கெடுப்புக்கு) நிற்க வேண்டும். அதற்கு முன் சோறு வடித்து, பிள்ளையை ஆயாக் கொட்டகைக்கு ஆயத்தம் செய்து, தூக்குச்சட்டியைக் கட்டியாக வேண்டும். மரங்களை வெட்டி முடித்து, மங்கில் (மரத்தில் கட்டிய கிண்ணத்தில்) பால் நிறையும்வரை கிடைக்கும் இடைவேளையில்தான் பசியாறுவார்கள். தேங்காய் அரைத்த குழம்பு அந்தப் புழுக்கத்தில் சீக்கிரமே ஊசிவிடும். ஊறவைத்த காய்ந்த மிளகாயையும் வெங்காயத்தையும் அம்மியில் அரைத்து, எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும்வரை வதக்கி, புளி கரைத்து ஊற்றி மறுபடி வற்றவிட்டு, தனியே மொறுமொறுப்பாகப் பொரித்த நெத்திலியைக் கடைசியில் போட்டுப் புரட்டிய சம்பால் கெடாது. எண்ணெய் பிரிவது இங்கே சுவைக்கான அடையாளம் மட்டுமில்லை, ஈரம் போய்விட்டது என்பதற்கான சோதனையும் அதுதான். ‘நடுத்தரத் தீயில் பத்து நிமிடம் வதக்கவும்’ என்று எழுதும்போது இந்தக் காரணம் முழுவதும் போய்விடுகிறது.

மரவள்ளிக்கிழங்கின் கதை இன்னும் கனமானது. இரண்டாம் உலகப் போருக்கு முன் மலாயா தனக்கு வேண்டிய அரிசியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை வெளியிலிருந்தே வாங்கியது. 1942க்குப் பின், ஜப்பானியர் ஆட்சியில், பர்மா, சயாம் அரிசி வரத்து சுருங்கிப் போனது. ஆண்களில் ஆயிரக்கணக்கானோர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், திரும்பாதவர்கள் ஏராளம். தோட்டத்தில் எஞ்சிய பெண்கள் மரவள்ளியை நட்டுக் குடும்பங்களைக் காத்தார்கள். அந்தக் கிழங்கில் சயனைடாக மாறும் நச்சுப்பொருள் உண்டு. கசப்பு வகையில் மிகுதி. தோலைத் தடிப்பாகச் சீவி எறிவது, துருவிப் பிழிந்து சாற்றைக் கொட்டுவது, வேகும் சட்டியை மூடாமல் விடுவது, முதல் தண்ணீரை வடித்துவிட்டு மறுதண்ணீர் ஊற்றுவது என்று அவர்கள் கைக்கொண்ட ஒவ்வொரு படியும் நஞ்சைக் குறைக்கும் வழி. வேதியியலும் இதை ஒப்புக்கொள்கிறது: ஹைட்ரஜன் சயனைடு மிகக் குறைந்த வெப்பத்திலேயே ஆவியாகும், மூடியில்லாத சட்டியிலிருந்து எளிதில் வெளியேறிவிடும். இந்த அறிவை மருமகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்களைச் சமையல் தெரிந்தவர்கள் என்று மட்டும் குறித்தால் அது குறைந்த மதிப்பீடு. அவர்கள் உயிர் காத்தவர்கள்.

ஆனால் குடும்பத் தொகுப்புகளில் முதலில் விடுபடுவது மரவள்ளிதான். கேசரி, அதிரசம், ஆட்டிறைச்சிக் குழம்பு இடம்பெறுகின்றன. கருவாட்டுக் குழம்பும் அவித்த கிழங்கும் பஞ்சத்தின் நினைவாக, சில வீடுகளில் வெட்கமாகவும், ஒதுக்கப்படுகின்றன. சமையல் நூல் வரலாறு இந்தப் போக்கைப் புரிந்துகொள்ள உதவும். சென்னையில் 1951இல் வந்த எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ இளம் மணப்பெண்களுக்கு அளவோடு எழுதித் தந்த அரிய நூல். அது ஒரு பிராமண, சைவ அடுக்களையின் கணக்கு. இந்தியச் சமையல் நூல்களை ஆராய்ந்த அர்ஜுன் அப்பாதுரை, நகர நடுத்தர வகுப்புப் பெண்களின் எழுத்து வழியே ஒரு ‘தேசியச் சமையல்’ உருவானதை 1988இல் காட்டினார். எழுதத் தெரிந்தவர்களின் சுவை எல்லோருடைய சுவையுமாகிவிடும் அபாயம் மலேசியாவிலும் உண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸின் ரயில்வே குடியிருப்புகளில் வாழ்ந்த யாழ்ப்பாணத்துக் குமாஸ்தா குடும்பங்களின் வறுத்தரைத்த தூளும் சொதியும் பிட்டும் பதிவுபெறும் வாய்ப்பு, கையெழுத்தே போடத் தெரியாத பால்வெட்டுக்காரியின் சம்பாலைவிட எப்போதும் கூடுதலாகவே இருந்தது. யாழ்ப்பாணத்து வீடுகளின் மரபைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை. பனையில்லாத ஊரில் ஒடியல் மாவுக்குக் கடலுக்கு அப்பால் பார்த்துக் காத்திருந்த பெண்களும் இதே வரலாற்றைச் சேர்ந்தவர்கள்.

கலப்பில்லாத தூய்மை என்ற அளவுகோலையும் இங்கே விட்டுவிட வேண்டும். மேரு வட்டாரத்தில் ஜாவானிய வழியினர் மிகுதி. தெம்பேயை (புளிக்கவைத்த சோயாவை) கறிவேப்பிலையும் சோம்பும் தாளித்துப் புரட்டுவதையும் சம்பாலில் பெலாச்சான் (இறால் விழுது) சேர்ப்பதையும் தமிழ்ப் பெண்கள் அவர்களோடு வேலியோரப் பேச்சில் பழகிக்கொண்டார்கள். தஞ்சாவூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்த சமையல் இங்கே கெட்டுப்போனது என்று சொல்பவர்கள், எது கிடைத்தாலும் அதைத் தன் வாய்க்குப் பழக்கிய திறமையைக் காணத் தவறுகிறார்கள். காக்கப்பட வேண்டியது அந்தத் திறமை.

வரலாற்றாய்வாளர் அருணிமா தத்தா 2021இல் வெளியிட்ட நூலில் மலாயாத் தோட்டப் பெண்களைக் காலனிய ஆவணங்களின் இடுக்குகளிலிருந்து மீட்டெடுத்துப் பேசினார். அந்த ஆவணங்களில் அவர்களின் கூலியும் பிரசவமும் குற்ற வழக்கும் கிடைக்கின்றன. அடுப்பைப் பற்றிய விவரம் அரிது. ஆகவே நமக்கிருக்கும் மூல ஆவணம் அந்தப் பெண்களின் பேச்சும் கையும்தான். அதற்கான களமும் வேகமாக மறைகிறது. மேருவை ஒட்டிய நார்த் ஹம்மொக் தோட்டம் 2000களில் செத்தியா ஆலாம் நகரியமானது. புக்கிட் ராஜாவும் அவ்வாறே வீடமைப்பாக மாறியது. அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்தவர்களால் ஆட்டுக்கல்லையும் லயத்துப் பின்புறத்து முருங்கையையும் கொண்டுபோக முடியவில்லை.

அளவின்றி எழுதினால் பேத்தி எப்படிச் சமைப்பாள் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, அளவு வேண்டும். பாட்டி கைப்பிடியாக அள்ளிய மிளகாயைச் சட்டியில் போடுமுன் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளலாம். அதோடு நிறுத்தாமல், ஏன் இத்தனை, மிளகாய் இல்லாத மாதத்தில் என்ன செய்தீர்கள், யார் கற்றுக்கொடுத்தது, எத்தனை மணிக்கு எழுந்தீர்கள் என்று அவர் பேச்சிலேயே ஒலிப்பதிவு செய்ய வேண்டும். பேச்சைத் திருத்தி மேடைத் தமிழாக்கக் கூடாது. பதிவின் ஒரு படி குடும்பத்திடம் இருக்க வேண்டும். எதை வெளியிடலாம் என்று முடிவுசெய்யும் உரிமை பாட்டியுடையது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறை மாணவர்கள் இதைக் களப்பணியாக ஏற்கலாம். அவர்களுள் பலரின் பாட்டிமார்களே பால் வெட்டியவர்கள். வேலையைத் தீபாவளிப் பலகாரத்தில் தொடங்க வேண்டியதில்லை. சம்பளத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது வீட்டில் என்ன ஆக்கினீர்கள் என்பது முதல் கேள்வியாக இருக்கட்டும். அறுபதுகளில் பால் வாளி தூக்கிய பெண்கள் இன்று எழுபதையும் எண்பதையும் தாண்டிவிட்டார்கள். அவர்களிடம் இந்த ஆண்டே கேட்க வேண்டும்.